வெளிப்பக்கம் மட்டும் சுற்றும் கேட்

1

மலர்க் குழுவுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் பதுளையிலிருந்து எழுதுகிறேன். அம்மன் அருளால் இங்கே எல்லோரும் சுகம்.

நம்ம மாரியம்மன் கோயில் குடமுழுக்கு மலருக்கு, வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர்கள் ஆளுக்கு இரண்டு பக்கம் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அந்த நாட்டு வாழ்க்கை, பிள்ளை குட்டிகளோடு போய்ப் பார்த்த இடங்கள் என்று சுவாரசியமாக இருக்கட்டும் என்றும் போட்டிருந்தது. நான் எட்டாவது வரைதான் படித்தவன். கடையில் துணி அளந்து கொடுக்கிற கைக்குப் பேனா பிடிப்பது கொஞ்சம் சிரமம். தப்பிருந்தால் திருத்திக் கொள்ளுங்கள்.

அதே தபாலில் என் தம்பி சுப்பிரமணியின் கடிதமும் வந்தது. அதில் கடைசியில், பேனா மாற்றி எழுதியது போல ஒரு வரி: "அண்ணே, மலர்க் கூட்டத்துல ஒருத்தர், பெத்தவளுக்குக் கொள்ளி வைக்க வராத மூத்த மகன் எழுதினதை அம்மன் மலர்ல போடணுமான்னு கேட்டுட்டாரு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்துட்டேன்."

கேட்டவர் யார் என்று தம்பி எழுதவில்லை. நானும் கேட்கப் போவதில்லை.

பிள்ளைகளோடு பார்த்த இடம் என்று சொல்ல எனக்கு ஒரே ஒரு இடம்தான் உண்டு. கொழும்புப் பக்கம் ஒரு மிருகக்காட்சிசாலை. பதினோரு வருஷத்துக்கு முன்னால், அம்மா படுக்கையில் கிடந்த அந்த மாசி மாதத்தில், ஒரே ஒரு பகல். நீங்கள் கேட்டதற்கும் அவர் கேட்டதற்கும் பதில் அந்த ஒரு பகலில்தான் இருக்கிறது. அதனால் அதையே எழுதுகிறேன்.

2

முதலில் பதுளையைச் சொல்ல வேண்டும். ஒரு பெரிய சட்டிக்குள் ஊரை வைத்தது போலச் சுற்றிலும் மலை. மலை முழுக்கத் தேயிலை. கொழும்பிலிருந்து வருகிற ரயில் பாதை எத்தனையோ குகைகளைத் தாண்டி வந்து பதுளையோடு முடிந்து விடுகிறது. தண்டவாளத்தின் கடைசியில் ஒரு மண்மேடு, அதன் மேல் புல். வந்த புதிதில் அதைப் பார்த்து, சரி, நம்மை இதோடு இறக்கி விட்டார்கள் என்று நினைத்துக் கொண்டேன்.

இருபது வயதில் வந்தேன். பஜார் தெருவில் ஒரு துணிக்கடை. முதலாளி தமிழ் பேசும் முஸ்லிம், அஞ்சு வேளையும் தொழுகிறவர். நான் காலையில் குளித்துத் திருநீறு பூசி, டவுன் முருகன் கோயில் வாசலில் ஒரு கும்பிடு போட்டு விட்டுக் கடைக்கு வந்தால், "முருகனுக்கு இன்னைக்கு என்ன மனு போட்டீங்க?" என்று கேட்பார். "அதே விசா மனுதான் மொதலாளி" என்பேன். இந்த வேடிக்கை இன்றைக்கும் நடக்கிறது, மனுவும் அதேதான்.

ஏனென்றால் என் கையில் இருப்பது இந்தியக் கடவுச்சீட்டு. இங்கே தங்க விசா வேண்டும். அதைக் காலம் முடிய முடிய நீட்டித்து வாங்க வேண்டும். நாட்டை விட்டுப் போய்த் திரும்புவதென்றால் அதற்குத் தனி அனுமதி. அது இல்லாமல் போனால் போனதுதான்.

தோட்டத்து ஜனங்கள் சம்பள நாள் முடிந்த ஞாயிற்றுக்கிழமை துணி எடுக்க வருவார்கள். அப்படி வந்தவர்கள்தான் பூனாகலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிற என் மாமனார் குடும்பம். அவர்கள் மகள் பாக்கியத்தை எனக்குக் கொடுத்தார்கள். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் எல்லாம் விளக்கு வைத்து, தப்படித்து, அம்மன் கழுத்திலிருந்து எடுத்த மஞ்சள் கயிற்றைத்தான் கட்டினேன். அம்மா ஊரிலிருந்து ஒரு மஞ்சள் புடவை அனுப்பியிருந்தாள். இரண்டு பிள்ளைகள். கதிர்காமத்து முருகனை வேண்டிப் பிறந்ததால் மூத்தவன் கதிரேசன், அடுத்தவள் வள்ளி.

அந்தக் கல்யாணத்தில் நாங்கள் செய்யாத ஒரே காரியம் பதிவுக் கந்தோருக்குப் போனது. ஆபீசைத்தான் இங்கே கந்தோர் என்பார்கள். எங்கள் பக்கம் அப்போது யாரும் போகிற வழக்கமில்லை. அம்மன் பார்க்கக் கட்டிய தாலிக்கு எழுத்து எதற்கு என்று நானே சொல்லியிருக்கிறேன்.

3

அம்மாவுக்கு முடியவில்லை, உடனே வரவும் என்று தம்பியின் தந்தி வந்தபோது கதிரேசனுக்கு நாலு வயது, வள்ளிக்கு இரண்டு. தந்தியைப் படித்த முதலாளி, "போயிட்டு வாங்க. ஆனா, திரும்பி வர்ற அனுமதியைக் கையில வாங்கிக்கிட்டுப் போங்க" என்றார்.

பாக்கியம் தானும் வருவேன் என்றாள். "புள்ளைங்களைக் கண்ணால பாத்தா ஆபீசருக்கு மனசு எறங்கும்." எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. பகல் ரயிலில் கொழும்பு போய், முதலாளியின் சொந்தக்காரர் கடை மாடியில் தங்கினோம். விடிந்ததும் பாக்கியம் பிள்ளைகளுக்குக் கம்பளிக் குல்லாயும் ஸ்வெட்டரும் மாட்டி விட்டாள். மலையில் பிறந்த பிள்ளைகளை அப்படித்தான் வெளியே கூட்டிப்போய்ப் பழக்கம். கொழும்பு வெயிலில் இரண்டும் அவித்த கிழங்கு மாதிரி ஆகிவிட்டன. கழற்ற விடவும் மாட்டாள். "ஆபீசர் பாக்கட்டும், நல்லா வளக்குறோம்னு."

விசா கொடுக்கிற கந்தோரில் எங்கள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், நெற்றியில் சந்தனம். அதைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது. தந்தியைக் கொடுத்தேன். படித்தார். என் கோப்பைப் புரட்டினார்.

"இந்தப் பைல்ல நீங்கள் தனி ஆள் எண்டல்லோ கிடக்கு. இவை ஆர்?"

"என் சம்சாரமுங்க. பிள்ளைங்க."

"கலியாணப் பதிவு இருக்கோ?"

"மாரியம்மன் கோயில்லங்க..."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கோபம் இல்லை. "ஐயா, மாரியம்மன் வந்து கையெழுத்துப் போட மாட்டா. நான் என்ன செய்யிறது? இஞ்ச குடும்பம் இல்லாத ஆள் ஏன் திரும்பி வர வேணும் எண்டு மேல கேப்பினம்."

பாக்கியம் தன் தாலியை வெளியே எடுத்துக் காட்டினாள். அவர் அதைப் பார்த்து விட்டு உடனே கண்ணைத் தாழ்த்திக் கொண்டார்.

"மனிசியையும் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போகேலாதோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

எப்படிப் போவது? தோட்டத்து ஜனங்கள் எத்தனையோ பேர் போல, பாக்கியத்தின் குடும்பமும் எந்த நாட்டுப் பிரஜை என்று முடிவாகாமல் கிடந்தது. இலங்கைப் பிரஜையாக்கச் சொல்லி மாமனார் மனு போட்டுப் பல வருஷம். பதில் இல்லை. அவளிடம் எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் கிடையாது. பிள்ளைகளிடமும் இல்லை.

"மூண்டு மணிக்கு வாங்கோ. பெரிய அதிகாரி வந்திடுவார். அவரிட்டக் கேட்டுச் சொல்லுறன்" என்றார்.

4

மூன்று மணிக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தால் வள்ளி அழுகிறாள். கதிரேசன் ஒவ்வொரு மேசையின் கீழும் நுழைகிறான். காவல்காரர் இரண்டு தடவை வந்து பார்த்து விட்டுப் போனார். "எங்கயாச்சும் கூட்டிப் போங்க. ஆனையைக் காட்டினா அழுகை நிக்கும்" என்றாள் பாக்கியம். அப்படித்தான் பஸ் ஏறினோம். அம்மா கிடக்கிற கிடைக்கு நான் பிள்ளைகளோடு வேடிக்கை பார்க்கப் போனேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்கு நிலைமையைச் சொல்லிப் புரிய வைக்க முடியாது.

உள்ளே நுழைந்ததும் யானை. காலில் சங்கிலியோடு ஆடிக் கொண்டே நின்றது. கதிரேசன் செருப்பைக் கழற்றி வைத்து விட்டுக் காதைப் பிடித்துக் கொண்டு தோப்புக்கரணம் போட ஆரம்பித்தான். கோயிலில் பிள்ளையார் முன்னால் செய்வதைத்தான் செய்தான். அண்ணன் செய்வதைப் பார்த்து வள்ளியும் செய்யப் போய்ப் பின்பக்கமாக விழுந்தாள். பக்கத்தில் நின்ற சிங்களக் குடும்பம் சிரித்தது. நாங்களும் சிரித்தோம். தந்தி வந்த பிறகு அன்றைக்குத்தான் நான் சிரித்தேன்.

சிங்கம் தூங்கிக் கொண்டிருந்தது. பாக்கியம் கம்பிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "இதுக்கு எங்க தோட்டத்துக் கணக்கப்புள்ளை தேவலைங்க. பெரட்டுக்கு லேட்டா போனா அவராவது கண்ணை முழிச்சுப் பாப்பாரு" என்றாள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்தைத்தான் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். அவள் ஐந்து மணிக் குளிரில் அங்கே போய் நின்று வளர்ந்தவள்.

பிள்ளைகளுக்குச் சிங்கம் பெரிதாகப்படவில்லை. தண்ணீர்க் குழாய் ஒன்று சொட்டிக் கொண்டிருந்தது. கதிரேசன் அதன் கீழே கை வைத்துக் கொண்டு அரை மணி நேரம் நகரவில்லை. வள்ளி எறும்புச் சாரையின் பக்கத்தில் குந்தி விட்டாள். கரடி, ஒட்டகச்சிவிங்கி எல்லாவற்றையும் நானும் பாக்கியமும்தான் மாறி மாறிப் பார்த்தோம்.

மயில் கூண்டுக்கு முன்னால் மட்டும் இரண்டும் தானாக நின்றன. வீட்டுச் சாமி படத்தில் தினமும் பார்க்கிற மயில். கதிரேசன் கூண்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தான்.

"அம்மா, சாமி எங்க?"

"சாமி கடைக்குப் போயிருக்காரு."

"அப்பா மாதிரியா?"

"ஆமா, அப்பா மாதிரி."

"எப்ப வருவாரு?"

"பொழுது சாஞ்சா வந்துருவாரு. அதான் மயிலு காத்துக்கிட்டு நிக்குது."

இதைச் சொல்லி விட்டு அவள் என்னைப் பார்க்கவில்லை. மயிலையே பார்த்துக் கொண்டிருந்தாள். அந்த மயில் தோகை உதிர்ந்து, பார்க்கக் கோழி மாதிரி இருந்தது. நான் கன்னத்தில் போட்டுக் கொண்டேன். முருகா, மூன்று மணிக்கு நல்ல வார்த்தை வரட்டும் என்று கேட்டேன்.

5

ஒரு மரத்தடியில் கட்டுச்சோறு சாப்பிட்டோம். மணி ஒன்றரை. கிளம்ப வேண்டும். பாக்கியம் வள்ளியின் முகத்தைக் கழுவிக் கொண்டு வருவதாகக் குழாய்ப் பக்கம் போனாள். நான் கதிரேசனின் கையைப் பிடித்துக் கொண்டு, வெளியே போகிற வழி எது என்று பார்க்கச் சில எட்டு வைத்தேன்.

அங்கே வெளியே போகிறவர்களுக்கென்று இரும்பில் ஒரு சுற்றுக் கேட். ஆளுயரத்துக்கு மேல் கம்பிகள். தள்ளினால் வெளிப்பக்கம் சுற்றும். உள்பக்கம் சுற்றாது. கேட்டுக்கு வெளியே ஒருவர் பலூன் விற்றுக் கொண்டிருந்தார். நான் பார்த்துக் கொண்டிருக்கும்போதே கதிரேசன் கையை உதறிக் கொண்டு, கம்பிக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய் விட்டான். பலூன்காரருக்கு அப்பால் ரோடு. ரோட்டில் பஸ்.

நான் கேட்டைத் தள்ளிக் கொண்டு ஓடினேன். பின்னால் 'கடக்' என்று ஒரு சத்தம். ரோட்டோரத்தில் பையனைக் குல்லாயோடு சேர்த்துப் பிடித்து விட்டேன். அடிக்கக் கை ஓங்கினேன், முடியவில்லை. தூக்கிக் கொண்டு கேட்டுக்கு வந்தேன். தள்ளினேன். அசையவில்லை.

உள்ளே ஒரு காவல்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரிந்த கடைச் சிங்களத்தில், மனைவியும் குழந்தையும் உள்ளே இருக்கிறார்கள், ஒரு நிமிஷம் என்றேன்.

"பே மஹத்தயா. மெஹென் என்ன பே" என்றார். முடியாது ஐயா, இந்த வழியாக வர முடியாது என்று அர்த்தம். பிறகு தமிழிலும் சொன்னார்: "இது போற கேட். வாற கேட் அங்கால. டிக்கட் எடுத்து வாங்க."

வருகிற கேட் ரோட்டைச் சுற்றிப் போக வேண்டிய தூரம். அங்கே போகிற நேரத்தில் பாக்கியம் வந்து விட்டால்? என்ன செய்வதென்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக் கொண்டு நின்றேன். அப்போது அவளைப் பார்த்தேன். மரத்தடிக்கு வந்தவள் எங்களைக் காணாமல் நாலா பக்கமும் பார்க்கிறாள். இடுப்பில் வள்ளி. யானைப் பக்கம் ஓடினாள். திரும்பி வந்தாள். குழாய்ப் பக்கம் ஓடினாள். நான் "பாக்கியம், பாக்கியம்" என்று கத்துகிறேன். ஏதோ ஒரு பறவைக் கூண்டிலிருந்து வந்த இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. அவள் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. கதிரேசா என்றுதான் கூப்பிட்டிருப்பாள். அவன் என் தோளில் உட்கார்ந்து அவளை வேடிக்கை பார்த்துக் கொண்டிருந்தான்.

இருபது எட்டு தூரம்தான் இருக்கும். என்னால் போக முடியவில்லை.

வள்ளிதான் முதலில் என்னைப் பார்த்தாள். "அப்பா" என்று கை நீட்டினாள். பாக்கியம் கம்பிக்கு வந்தாள். மூச்சு வாங்கியது. திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. கம்பிக்குள் கை விட்டுப் பையனின் தலையைத் தொட்டாள்.

"உள்ள வர விட மாட்டேங்கிறாரு. நீ வெளிய வந்துரு" என்றேன்.

அவள் உடனே வரவில்லை. கம்பியைப் பிடித்தபடியே நின்றாள்.

"இந்தக் கேட்டுல நான் வெளிய வந்துருவேங்க. நீங்க ஊருக்குப் போற கேட்டுல நான் எப்படி வர்றது?"

காவல்காரர் எங்களையே பார்த்துக் கொண்டிருந்தார். அவருக்கு அவ்வளவு தமிழ் புரிந்ததா தெரியவில்லை. எழுந்து வந்து கேட்டை அவளுக்காகத் தள்ளிப் பிடித்தார்.

6

மூன்று மணிக்குக் கந்தோரில் அந்தப் பெரிய அதிகாரி வந்திருந்தார். யாழ்ப்பாணத்து ஐயா நாங்கள் கேட்கும் முன்னாலேயே தலையை அசைத்தார். "நீங்கள் போகலாம், தடை இல்லை. திரும்பி வாறதுக்கு எழுதித் தரேலாது எண்டிட்டார். பதிவு செய்துபோட்டு வாங்கோ, பிறகு பாப்பம்." பதிவு செய்து, கடிதம் எழுதி, அது மேலே போய்க் கீழே வர ஆறு மாதம் ஆகும் என்றும் அவரே சொன்னார். தந்தியை மடித்து என் கையில் கொடுத்தார். "தாய்க்குச் சுகம் வர வேண்டிக்கொள்ளுங்கோ" என்றார்.

தலைமன்னாரில் கப்பல் ஏறினால் மூன்றாம் நாள் அம்மாவின் கட்டிலருகே நிற்கலாம். போவதற்கு எல்லாம் இருந்தது. நான் பதுளைக்கு ரயில் ஏறினேன். பாக்கியம் போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் இரண்டும் பலூனைக் கட்டிக் கொண்டு தூங்கின.

ஆறாம் நாள் மறு தந்தி வந்தது. கொள்ளி தம்பி வைத்தான்.

நான் பதுளை ஆற்றில் போய்த் தலையை மழித்துக் கொண்டு, காவிரி என்று நினைத்து முங்கினேன். மறுநாள் மொட்டைத் தலையோடு கடையில் நின்றபோது வருகிறவர்கள் எல்லோரும், "கதிர்காமம் போயிட்டு வந்தீங்களா? வேண்டுதலா?" என்று சந்தோஷமாகக் கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிக் கொண்டு துணியைக் கிழித்தேன். முதலாளிக்கு மட்டும் தெரியும். மத்தியானம் அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்து, என் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்றார்.

7

பிறகு பதிவு செய்து கொண்டோம். கதிரேசனுக்கு அப்போது ஐந்து வயது. லயம் முழுக்கப் போய், "எங்கப்பாவுக்கும் எங்கம்மாவுக்கும் நாளைக்குக் கல்யாணம்" என்று சொல்லி விட்டான். மாமியார் வீட்டுப் பக்கம் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். விசாவை நீட்டிக்க அது உதவுகிறது. பாக்கியத்துக்கும் பிள்ளைகளுக்கும் போன வருஷம்தான் பிரஜை என்று பத்திரம் வந்தது. வீட்டில் இப்போது நான் ஒருவன்தான் வெளிநாட்டான். கதிரேசன் அதைச் சொல்லியே கேலி செய்வான். "அப்பா, விசா இருக்கா? இருந்தா சோறு போடச் சொல்றேன்." அவனுக்குப் பதினைந்து வயது. சிநேகிதர்களோடு பேசுகிற சிங்களத்தில் பாதி எனக்குப் பிடிபடாது. காவிரி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்து கொள்ள ஆசையும் இல்லை. வள்ளி தேவாரம் பாடுவாள், அது ஒன்று ஆறுதல்.

போன வாரம் அம்மாவின் திதி. ஆற்றில் எள்ளும் தண்ணீரும் விட்டு வந்து, தம்பியின் கடிதத்தைக் கையில் வைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதிரேசன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கொள்ளி பற்றிய அந்த வரியை அவனும் படித்தான்.

"அந்த மிருகக்காட்சிசாலை உனக்கு ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"தண்ணிக் குழாய் ஞாபகம் இருக்கு" என்றான். கொஞ்சம் யோசித்தான். "நான் கேட்டு வழியா ஓடினேன். திரும்பிப் பாத்தா நீங்க எனக்குப் பின்னாலயே வந்துக்கிட்டு இருந்தீங்க."

இத்தனை வருஷமாக நான் விசா என்றும், கந்தோர் என்றும், பதிவில்லை என்றும் எனக்கு நானே பதில் சொல்லிக் கொண்டிருந்தேன். எல்லாம் நிஜம்தான். ஒன்றும் பொய்யில்லை.

மலர்க் கூட்டத்தில் கேட்டவருக்கு என்மேல் வருத்தம் வேண்டாம், எனக்கும் அவர்மேல் இல்லை. இதை மலரில் போடுவதும் விடுவதும் அம்மன் சித்தம். ஒன்றை மட்டும் அவள் சன்னிதிக்கு எழுதி அனுப்புகிறேன். அந்தக் கேட்டில் மகனுக்குப் பின்னால் ஓடினபோது, திரும்பி உள்ளே வர முடியுமா என்று நான் யாரையும் கேட்கவில்லை. அம்மாவிடம் போவதற்கு மட்டும்தான் அதைக் கேட்டேன்.